டீச்சரின் தியானப் புத்தகமும் என் கேள்வியும்

கல்முனையில் பாமசி நடத்துகிறேன். பாண்டிருப்பிலிருந்து வரும் ஒரு டீச்சர், கிறிஸ்தவ வேதக்காரர், மாதம் தவறாமல் என்னிடம் பிறஷர் குளிசை வாங்குவார். திடீரென்று இரண்டு மாதம் ஆளையே காணவில்லை. பிறகு தலையிடிக்கு மருந்து கேட்டு வந்தார். பிறஷர் குளிசையை விட்டுவிட்டாராம். கைப்பையிலிருந்து நாளுக்கொரு பக்கம் வாசிக்கும் தியானப் புத்தகமொன்றை எடுத்து, மூலை மடித்த பக்கத்தைக் காட்டினார். விசுவாசிக்கிறவர்களுக்கு மருந்து எதற்கு என்பதாக அதில் எழுதியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பிறகு குழப்பம். அடுத்தவர் மார்க்கத்தில் நான் என்ன கதைப்பது? கதைக்காமல் விட்டு, நாளைக்கு இவர் பாரிசவாதத்தில் விழுந்தால்? புத்தகத்தை ஒருநாள் இரவல் கேட்டு வாங்கினேன்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு, கடையில் ஆளில்லாத நேரம் வாசித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எழுதிய ஒரு பக்கத்தில் என் கண்ணே கலங்கிவிட்டது. மருந்தை விடச் சொன்னதும் அதே கைதான். எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

எங்களில் ஒருவர் ஹதீஸ், நபி சொன்னது என்று ஒன்றைச் சொன்னால், யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது என்று விசாரிப்பது வழக்கம். மறுநாள் அந்தத் துணிவில் கேட்டேன்.

"டீச்சர், இதச் சொன்னது ஆரு? உங்கட வேதத்தில இரிக்கா, இல்லாட்டி எழுதினவர்ட சொந்தக் கதையா?"

அவர் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "வசனம் போடல்ல தம்பி. நானும் தேடிப் பாக்கல்ல." பிறகு எனக்குப் பின்னாலிருந்த தட்டைக் காட்டினார். "அதச் சொன்னது ஆரு?"

கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தல்கள். நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், அடியோடு போகும், குளிசையே தேவையில்லை என்று பக்கத்தில் ஒரு தாள். எண்ணெய் கொண்டுவந்தவன் ஒட்டிவிட்டுப் போனது. கருஞ்சீரகம் ஹதீஸில் வருவது, மார்க்கத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால், தாளில் இருப்பதை விசாரிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"ஊருக்குத்தான் உபதேசமோ?" என்றார், சிரிக்காமல். ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு மட்டும் குளிசை வாங்கினார். மிச்சத்தைப் போதகரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போனார்.

வெட்கமாக இருந்தது. தாளைக் கிழித்தேன். எண்ணெயை விற்பதா, வேண்டாமா என்பதில் இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. கிழிக்கும்போதுதான் உறைத்தது, சீனி வருத்தமுள்ள என் உம்மாவுக்கும் அந்தப் போத்தல்களை நான்தான் கொடுத்துவந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அலுமாரியில் உம்மாவின் சீனிக் குளிசை அட்டைகள், மூன்று மாதமாக நான் கொண்டுபோய்க் கொடுத்தவை, ஒன்றுகூட உடைக்காமல் அடுக்கியபடி இருந்தன.

"நீதானே மகன் அந்த எண்ணெயத் தந்த," என்றார் உம்மா.