மைதீன் அண்ணன் தூங்கவில்லை

மைதீன் அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம்... வல்லநாடு ஆற்றுப் பாலம் தாண்டி, திருநெல்வேலிக்கு வரும் வழியில்.

எங்கள் டிராவல்ஸில் என்னோடு வண்டி ஓட்டியவர். மேலப்பாளையத்துக்காரர். பின்சீட்டில் பிள்ளைகள் வாந்தி எடுத்தாலும் முகம் சுளிக்காத ஒரே டிரைவர். இதைப் படிக்கிறவர்களில் சிலராவது அவர் வண்டியில் ஏறியிருப்பீர்கள்.

வாகைக்குளம் ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறார். எதிரே, வரக்கூடாத பாதையில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர்.

பெல்ட் போட்டிருந்தார். ஸ்டியரிங் நெஞ்சில் இடித்துவிட்டது. ஏர்பேக் திறக்கவில்லை.

காலையிலிருந்து டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு. "டிரைவர் தூங்கிட்டாராம்." முதலில் அப்படிச் சொன்னவர் எங்கள் முதலாளி. ஸ்டேஷனிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் நான் அந்த இடத்துக்குப் போனேன். டிராக்டர் நின்ற இடம் வரைக்கும் ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு, நீளமாக.

தூங்குகிறவன் பிரேக்கை மிதிப்பானா?

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பல கை மாறி எங்களிடம் வந்த பழைய கார். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் ஹாரன் நின்றுபோனது. அன்றைக்கே டேஷ்போர்டில் ஏர்பேக் லைட்டும் எரிய ஆரம்பித்தது.

"ஏலே, ரெண்டும் சோடி போட்டுல்லா வந்திருக்கு. ஒண்ணு ஊமையாயிட்டு, இன்னொண்ணு கண்ணு செவந்து நிக்கி. வா, காட்டிட்டு வருவோம்" என்று மைதீன் அண்ணன் என்னையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனார்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். டிரைவர் ஏர்பேக்குக்கு லைன் போகவில்லை என்று காட்டியது. ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த மஞ்சள் கனெக்டரைப் பார்த்தார், அது சரியாக இருந்தது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டியரிங்கைத் திறந்தார்.

உள்ளே ரிப்பன் மாதிரி சுருட்டி வைத்த ஒரு வயர். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அதுவும் சுருண்டு விரியும். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் அது வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும். அது அறுந்து கிடந்தது.

புதிதாக மாட்டினால் இரண்டும் வந்துவிடும் என்றார் மெக்கானிக். முதலாளிக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"ஹாரன மொதல்ல பாரும் வே. ஹாரன் இல்லாம நம்மூர்ல வண்டி ஓட்ட முடியுமா? அந்த லைட்ட அமத்திரும்."

எங்கள் பக்கம் லைட்டை அணை என்று சொல்வதில்லை. அமத்து என்றுதான் சொல்வோம். மெக்கானிக் கேட்டார்: "அண்ணாச்சி, சரி பண்ணிட்டு அமத்தவா, சும்மா அமத்தவா?"

"சும்மா அமத்துனா போதும். செலவ இழுக்காதீரும்."

அவ்வளவுதான். மீட்டரைக் கழற்றி ஏர்பேக் பல்பைப் பிடுங்கினார்கள். ஹாரனுக்குத் தனி வயர் இழுத்து, வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் சுவிட்சை டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டினார்கள். ஹாரன் அடித்தது. வண்டி சவாரிக்குத் தயார்!

அந்தச் சுவிட்சை வைத்து மைதீன் அண்ணன் பண்ணாத கூத்து இல்லை. ஜங்ஷன் சிக்னலில் முன்னால் நிற்கிற ஆட்டோவைப் பார்த்து அதை அமுக்கிவிட்டு, "யக்கா... பாலு!" என்று கத்துவார். ஆட்டோக்காரரே சிரித்துவிடுவார்.

ஆனால் அந்த லைட்டை அவர் விடவில்லை. "சாவியப் போட்டா ஒருதரம் எரிஞ்சுட்டு அமரணும்லே. இது எரியவே மாட்டேங்கு. நம்ம மொதலாளி மாதிரி, என்ன கேட்டாலும் பதிலே கெடையாது."

ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டார். "அண்ணாச்சி, அந்த வயர மாத்திருவமா?"

"பழைய வண்டிக்கு எதுக்கு வே ஏர்பேக்கு? பைய ஓட்டும்."

"நான் பையத்தான் ஓட்டுதேன். எதுக்க வாறவங்கிட்ட யாரு சொல்லுவா?"

எல்லோரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. "புடிக்கலைன்னா சாவிய வச்சிட்டுப் போவும்" என்றார். சாவியை வைத்துவிட்டால் வேறு எங்கே போவது? மைதீன் அண்ணனுக்குச் சொந்த வண்டியா இருக்கிறது?

ஏர்பேக் திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை.

ஆனால் அது திறக்க வழியே இல்லாமல் வைத்தது யார் என்று தெரியும். இப்போது பழியை மட்டும், பதில் பேச முடியாதவர் தலையில் கட்டுகிறார்கள். த்தூ...

வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. முதலாளி அதைச் சீக்கிரம் எடுத்துப் பழைய இரும்புக்குப் போடப் பார்க்கிறார். சோதிக்க வருகிற அதிகாரி மீட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஸ்டியரிங்கைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் தூங்கிவிட்டார் என்றே எழுதி முடித்துவிடுவார்கள்.

இன்று அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். மதினி, அவர் மனைவி, உள்ளே இருந்தபடியே கேட்டார்.

"தம்பி, ஊரே அவுக தூங்கிட்டாகன்னு சொல்லுதே. நெசமா?"

"இல்ல மதினி. பிரேக் புடிச்சிருக்காரு. நான் பாத்தேன்."



"அப்ப அத இங்கன வந்து எங்கிட்ட ஏன் சொல்லுத? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு."

நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். மெக்கானிக்கும் வருகிறேன் என்றிருக்கிறார்... வருவாரா என்று தெரியாது. வராவிட்டாலும் நான் போவேன். இந்தப் பதிவை முதலாளியும் படிப்பார். படிக்கட்டும்.

வேலை போகும். போகட்டும்.

போயிட்டு வாங்க, மைதீன் அண்ணே.