சுரை வேரில் காய்த்த தர்பூசணி

காலை ஆறே காலுக்குப் புதுச்சேரிப் பேருந்து நிலையத்திலிருந்து மரக்காணம் வண்டி கிளம்பியது. தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் நாற்பது ரூபாய். தர்பூசணிப் போட்டி பார்க்கப் போகிறேன் என்றதற்கு வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். காசு கொடுத்துக் கிரிக்கெட் பார்க்கப் போகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பொம்மையார்பாளையத்தில் ஏறிய ஒரு அம்மா, மீன் கூடையை என் கால்மேலேயே வைத்தார். முறைத்தேன். அவர் திருப்பி முறைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழரை மணிக்கு மரக்காணத்தில் இறங்கினேன். போன வருடம் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஏழுமலை பைக்கோடு நின்றிருந்தார். போட்டிக்குப் போகிற காய் அவர் வீட்டுக் காய்தான். வழியெங்கும் உப்பளம், பாத்திகளில் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, ஓரங்களில் உப்பு அம்பாரம். "உங்க ஊரு அழகா இருக்குதே" என்றேன்.

"எங்க ஊரு கிளியனூருங்க சார். இது அவங்க ஊரு. நான் வூட்டோட மாப்பிள்ளை" என்றார் ஏழுமலை, பைக்கின் வேகத்தைக் குறைக்காமல்.

அவங்க என்றது மனைவி விஜயாவை. விஜயாவின் அப்பா விட்டுப்போன நிலம் கடைசி உப்புப் பாத்தியை ஒட்டி இருக்கிறது. பக்கத்து உப்பளக்காரர் அதைக் குத்தகைக்குக் கேட்கிறார். கொடுத்துவிட்டுக் கிளியனூருக்குப் போய், திண்டிவனம் ரோட்டில் அண்ணன் வைத்திருக்கும் சிமென்ட் கடையில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏழுமலையின் எண்ணம். விஜயாவுக்கு அசைய மனமில்லை. கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள்: இந்த வருடம் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கினால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் கிளியனூர்.

வயலுக்குப் போனதும் விஜயா காயைக் காட்டினார். ஐயோ, அது காயா! வைக்கோல் மெத்தையில், பழைய புடவை நிழலில், சினைப் பன்றி படுத்திருப்பதுபோல் கிடந்தது. கொடிக்கு ஒரே காய் விட்டு மற்ற பிஞ்சுகளைக் கிள்ளி எறிந்துவிட வேண்டுமாம்.

"இந்த மண்ணுல தர்பூஸ் வேரு நிக்காதுங்க. உப்பு ஏறிப் பொசுங்கிடும்" என்றார் விஜயா. "அதான் சுரை வேர்ல ஒட்டு கட்னேன்." முளைத்த சுரைக்கன்றின் குருத்தைக் கிள்ளி, அந்த இடத்தில் ஈர்க்குச்சியால் துளை போட்டு, சீவிய தர்பூசணித் தளிரைச் செருகி, தலையில் மாட்டுகிற கிளிப்பைப் போட்டுப் பிடிக்க வைத்திருக்கிறார். பொழுதன்றைக்கும் கிளிப்பைக் காணோம் என்று தேடுகிற என் மகளை நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குக் குட்டி யானை வந்தது. யானை என்றதும் பயப்பட வேண்டாம், சின்ன லோடு வண்டிதான். பிரம்மதேசத்துக்குப் போக வர எண்ணூறு ரூபாய். நான்கு பேர் சாக்கில் வைத்துக் காயைத் தூக்கி, லாரி டயரின் நடுவில் உட்கார வைத்தோம். நானும் விஜயாவும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் விஜயா காயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "மெதுவா போப்பா! டேய், மெதுவா!" என்று கத்தினார். என் தலை கம்பியில் இடித்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை.

போட்டி, கோயிலுக்குப் பக்கத்துக் களத்தில். நடத்துகிறவர் உரக்கடைக்காரர் சம்பந்தம். முதல் பரிசு மருந்தடிக்கும் மெஷின். பத்தரை மணிக்கு எடை போட ஆரம்பித்தார்கள். பிரம்மதேசத்துக் கோதண்டம் போன வருடம் ஜெயித்தவர். அவர் காய் முப்பத்தெட்டு கிலோ காட்டியதும் விசில் பறந்தது. அடுத்து விஜயாவின் காய். நாற்பத்தொன்று. விஜயா என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

அப்போதுதான் கோதண்டம் கேட்டார். "ஏம்பா சம்பந்தம், நோட்டீஸ்ல இன்னா போட்டுக்கிற? சொந்தக் கொடின்னு தானே? அது சுரை வேரு. ஊருக்கே தெரியும்."

சம்பந்தம் தலையைச் சொறிந்தார். முன்னொரு வருடம் ஒருவர் சந்தையில் காய் வாங்கிவந்து எடை போட்டுவிட்டாராம். அதைத் தடுக்கத்தான் சொந்தக் கொடி என்று போட்டார்களே தவிர, வேரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

"கொடி என்னுதுதாங்க. விதை போட்டது, ஒட்டு கட்னது, தண்ணி ஊத்துனது எல்லாம் நான்தான்" என்றார் விஜயா.

கூட்டத்தில் ஒருவர், "உன் தோட்டத்து மாங்கா ஒட்டுதானே கோதண்டம்? திங்கறப்ப இனிக்குதா?" என்று கேட்டதும் சிரிப்பு.

கோதண்டம் சிரிக்கவில்லை. "மாங்கா நான் திங்கிறதுக்கு. இது போட்டி. வாடல் நோய் வந்து எனக்குப் பாதிக் கொடி போயிடுச்சு. மீதிய எவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்துனேன் தெரியுமா? சுரை வேருக்கு அந்த நோவே வராது. ரெண்டும் ஒண்ணா?"

நியாயமான பேச்சுதான். எனக்கே மனசு விஜயா பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை. கையை ஆட்டி, "வேரு ஒரு வூட்டுது, தலை ஒரு வூட்டுது. ஒட்டிக்கினு வந்ததுக்கெல்லாம் முதல் மரியாதை குடுத்தா, சொந்தமா வேர் வுட்டவன் இன்னா பண்றது?" என்றார்.

அதுவரை வண்டி நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஏழுமலை ஒரே பாய்ச்சலில் வந்தார். "யார்ரா ஒட்டிக்கினு வந்தவன்?"

கோதண்டம் முழித்தார். "டேய், நான் காயச் சொல்றேன்டா."

"எது காயி? எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த உப்பு மண்ணுல நிக்கிறேன்டா! அந்தத் தண்ணியதான் குடிக்கிறேன்! என் வேரு எங்கக்கிதுன்னு நீ இன்னா சொல்றது? அடுத்த வருசமும் அதே நெலம், அதே சுரை. இதவிடப் பெரிசா கொண்ணாந்து உன் எதுர்ல வெக்கல, என் பேரு ஏழுமலை இல்ல!"

களம் முழுக்கச் சிரிப்பு. நான்கு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். விஜயா சிரிக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கணவரையே பார்த்தார். பாதி பயம், பாதி வேறு என்னவோ.

பதினொன்றே முக்காலுக்குச் சம்பந்தம் தீர்ப்புச் சொன்னார். முதல் பரிசு கோதண்டத்துக்கு. ஒட்டுக் காய்க்குத் தனிப் பரிசாக ஒரு எவர்சில்வர் குடம். அடுத்த வருடத்திலிருந்து ஒட்டுக்குத் தனிப் போட்டி வைக்கலாமா என்று பேசி முடிவெடுப்பார்களாம். பேசுவார்கள், எனக்குத் தெரியாதா.

திரும்பும்போது ஏழுமலையும் எங்களோடு பின்னால் ஏறிக்கொண்டார். பாதி தூரம் போனதும் விஜயா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ கிளியனூரு எப்போ போறோம்?" என்று கேட்டார்.

"கிளியனூரா? எதுக்கு?"

"முதல் பரிசு வரலியே."

ஏழுமலை அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அவன் எதுர்ல அவ்ளோ பேசிட்டு, கடையில போயி சிமென்ட் மூட்டை எண்ணச் சொல்றியா? போம்மே." பிறகு டிரைவரிடம் குரல் கொடுத்தார், "அண்ணே, உரக்கடை எதுனா தொறந்திருந்தா நிறுத்து, சுரை விதை வாங்கணும்." அடுத்த விதைப்புக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. விஜயா முகத்தை உப்பளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். குடத்தின் பளபளப்பில் அவர் சிரிப்பது தெரிந்தது.

வயலோரத்தில் காயை வெட்டினார்கள். வேலை முடிந்து வந்த உப்பளத்துப் பெண்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு துண்டு வாங்கினார்கள். எனக்குக் கொடுத்தது இரண்டு கைக்கும் அடங்காத துண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சுரைக்காய் வாசனை துளியும் இல்லை; ஆனால் சப்பென்றுதான் இருந்தது. "எப்பிடிக்கீது சார்?" என்றார் ஏழுமலை. "பிரமாதம்" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அம்பாரத்திலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தன் துண்டில் தூவிக்கொண்டார். நானும் தூவிக்கொண்டேன். பொய் சொன்ன பாவம் தீர்ந்தது.

மூன்றரை மணிக்குப் புதுச்சேரி வண்டி. ஏழுமலை பைக்கில் கொண்டுவந்து விட்டார். எங்கள் மொட்டை மாடியில் இருக்கிற ரோஜா எல்லாம் ஒட்டுச் செடிதான். வேர் எது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, பூத்தால் போதும் எங்களுக்கு. அதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. சின்னத் தர்பூசணி ஒன்றை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"வச்சுக்குங்க சார். பாண்டியில இது கெடைக்காது. எங்க ஊரு தர்பூஸு."