மதினியின் முதல் சீட்டு

எங்கள் பஸ்ஸில் ஒரு புரட்சி நடந்தது. நடத்தியவள் என் மதினி, அண்ணன் பெண்டாட்டி.

விருதுநகரிலிருந்து காலையில் வரும் பஸ், எங்கள் ஊர் பாலவனத்தம் சேரும்போதே நிறைந்துவிடும். பெண்கள் சீட்டிலெல்லாம் கண்டக்டருக்கு வேண்டிய ஆம்பளைகள் துண்டு போட்டு இடம்பிடித்திருப்பார்கள். அருப்புக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் நாங்கள் கம்பியைப் பிடித்துத் தொங்குவோம். ஒருநாள் மதினி பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சட்டமாக நின்றுகொண்டாள்.

"இனிமே துண்டும் கிடையாது, பையும் கிடையாது. முடியாதவுகளுக்குத்தான் மொத சீட்டு. சரின்னா வண்டி நகரும்."

வண்டி நகர்ந்தது. அன்றைக்கு நாங்கள் போட்ட சத்தத்தில் டிரைவருக்கு ஹாரனே தேவைப்படவில்லை.

மதினியை முதல் சீட்டில் உட்கார வைத்தது நாங்கள்தான். எங்களுக்காகச் சண்டை போட்டவள் நிற்கலாமா என்று ஒரு மரியாதை. மறுநாளும் உட்கார வைத்தோம். போகப்போக, அந்தச் சீட்டைக் காலியாகக் கொண்டுவந்து சேர்ப்பது கண்டக்டரின் வேலையாகிவிட்டது. பக்கத்துச் சீட்டில் மதினியின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து வரும். கேட்டால், "தங்கச்சி அடுத்த ஸ்டாப்புல ஏறுவா" என்பாள். தங்கச்சி பாதி நாள் லீவு. பை ஒருநாளும் லீவு எடுத்ததில்லை.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்று சேலை விரித்துக் காட்ட வேண்டும். பஸ்ஸிலும் நின்றால் கால் பொதபொதவென்று வீங்கிவிடும். "ஏலலைன்னா வேலையை விட்டுரு" என்றார் வீட்டுக்காரர். வேலையை விட எனக்கு மனசில்லை. மதினியிடம் வாய்விட்டுக் கேட்கவும் ரோஷம் விடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பையைத் தூக்கிக் கண்மாயில் எறிந்திருப்பேன்.

ஒருநாள் பஸ் டிவியில் பொம்மைப்படம் போட்டார்கள். ஆலமரத்து உச்சிக்கிளையைப் பிடித்துவைத்திருக்கும் பருந்தைக் காக்காய்கள் கூடி விரட்டுகின்றன. "எல்லாக் கிளையும் எல்லாருக்கும்" என்று கத்திய காக்காய், கொஞ்ச நாளில் தானே உச்சியில் ஏறிக்கொண்டு, மற்றவை கொண்டுவரும் இரையைத் தின்கிறது. பருந்து உதிர்த்த இறகை வேறு தலையில் செருகிக்கொள்கிறது. டிவி இருந்தது மதினியின் தலைக்கு நேர் மேலே. பின்னால் நின்றுகொண்டிருந்த எங்களுக்குப் படமும் மதினி தலையும் சேர்ந்தே தெரிந்தன. மதினிக்குப் படம் தெரியவில்லை. பஸ்ஸே சிரித்தது.

"என்னத்தப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறீக?" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்களோடு கம்பியைப் பிடித்து நின்று மேலே பார்த்தாள். சிரிப்பு சட்டென்று அடங்கிப்போனது. படம் முடியும் வரை மதினி அங்கேயே நின்றாள். காலியான சீட்டில் யாரும் உட்காரவில்லை. நானும்தான். எங்களுக்கு அப்படியே பழகிவிட்டது.

மதினி சீட்டைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

"உக்காரு தாயி."

உட்கார்ந்தேன். ஜன்னல் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. அப்பாடா என்று காலை நீட்டி, என் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்தேன். மதினி குனிந்து அதை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். நானும் பையிலதான் ஆரம்பிச்சேன்."