நிறையட்டும் என்று காத்திருந்தவள்

அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அவளுக்குப் பெயரே மோட்டாரம்மாதான். பதினாறு வருடமாகப் பம்ப் ரூம் அவள் கையில். மேல் தொட்டி நிறையும்வரை யார் தலைகீழாக நின்றாலும் வால்வைத் திறக்க மாட்டாள். கால் தொட்டி நிறைந்ததுமே திறந்தால் ஒரு வீட்டுக்கும் ஒழுங்காகத் தண்ணீர் போகாது என்பது அவள் கட்சி. தண்ணீருக்கு அது சரிதான்.

வினை எங்கே வந்தது என்றால், அதே சட்டத்தைத் தன் உடம்புக்கும் போட்டாள்.

முப்பத்தெட்டு வயதில் முதல் பிள்ளை. பெண். எலும்பும் தோலுமாக இருந்ததற்கு அப்பன் வைத்த செல்லப்பெயர் சுண்டு. பால் கொஞ்சமாகத்தான் வந்தது. சரி, சேரட்டும், ஒரேயடியாகக் கொடுத்தால் வயிறு நிறையும் என்று ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மார்பில் போட்டாள். நடுவில் அழுதால் ரப்பர் காம்பை வாயில் வைத்து ஏமாற்றினாள். காத்திருக்கக் காத்திருக்கப் பால் குறைந்ததே தவிரக் கூடவில்லை. மூன்று வாரமாகியும் பிள்ளை பிறந்த எடையைக்கூடத் தொடவில்லை.

"உன் கணக்குல எங்கயோ ஓட்டை இருக்கு" என்றான் கணவன்.

"ஆமா, பெரிய மேதாவி! நீங்களே வந்து குடுங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். அங்கிருந்த நர்ஸ் அவளைவிடப் பத்து வயது சின்னவள். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மேல் தொட்டி நிறைஞ்சா உங்க மோட்டார் என்ன பண்ணும்க்கா?"

"மிதவை மேல வந்து தானா நிறுத்திடும்."

"இங்கயும் அதே கதைதான். பால் தேங்குச்சுன்னா, போதும் போலன்னு உடம்பு சுரக்கறதைக் குறைச்சுடும். உடம்புச் சூடு, சர்க்கரை எல்லாத்தையும் இப்படித்தான் பிடிச்சு வைக்கும். ஏறினா இறக்கும், இறங்கினா ஏத்தும். ஆனா பிள்ளை சப்பறது வேற மாதிரி. சப்பினா மூளைக்குச் சேதி போகும், பால் இறங்கும். இறங்கினா இன்னும் வேகமாச் சப்பும், இன்னும் இறங்கும். வயிறு நிறைஞ்சு அது வாயை எடுத்தாத்தான் ஓயும்."

பதினாறு வருடம் மிதவையைத் துடைத்த கை தலையில் அடித்துக்கொண்டது. "இதை மொத நாளே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று நர்ஸ் மீது பாய்ந்தாள்.

"நீங்க கேக்கலையேக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை குடுங்க. நூறு கிராம் ஏறலைன்னா கூடவே புட்டிப்பாலும் குடுத்தாகணும்."

அந்த ஐந்து நாளும் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மார்புக் காம்பு வெடித்தது, இடுப்பு ஒடிந்தது. சுண்டு நாலு சப்புச் சப்பிவிட்டு வீறிடும். அவளும் சேர்ந்து அழுவாள். புட்டி வந்தால் பிள்ளை சப்புவது இன்னும் குறையும், இருக்கிற பாலும் போகும். அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை தராசு அறுபது கிராம்தான் ஏறியதாகக் காட்டியது.

"புட்டிப்பால் எழுதிடறேன்க்கா" என்று நர்ஸ் சீட்டை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து, வரிசையில் யாருடைய பிள்ளையோ வீல் என்று கத்தியது. இவளுக்கு மார்பு சுரீரென்றது. ரவிக்கை தொப்பலாக நனைந்தது.

"அடப்பாவி உடம்பே! பெத்தது அஞ்சு நாளாக் கத்துச்சு, அப்போ கல்லு மாதிரி இருந்தே. எவ பிள்ளைக்கோ இப்ப கொட்றியா?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திட்டிக்கொண்டே சுண்டுவை மார்பில் போட்டாள். குழந்தைக்குப் புரை ஏறியது. இருமியது. பால் அதிகமாகி அதற்குப் புரை ஏறுவது அதுதான் முதல் தடவை. மறுபடி வெறியோடு பற்றிக்கொண்டது.

"குடிச்சு முடிக்கட்டும்க்கா, அப்புறம் எழுதறதைப் பத்திப் பாக்கலாம்" என்றாள் நர்ஸ்.

"பேசாதம்மா, அது வாயை எடுத்துடப் போவுது!" என்று சீறினாள் மோட்டாரம்மா. கண்ணீர் பிள்ளையின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.