ஐந்து மில்லி மருந்து

அக்கா நர்சிங் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதப் போன அன்று நான் செத்துப்போய்விடுவேன் என்று உறுதியாக நம்பினேன். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு எட்டு வயது.

ஆம்பூரில் அப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். வேலூருக்கு அக்காவைத் தனியே அனுப்ப மனமில்லாமல் துணைக்கு என்னை அனுப்பினாள் அம்மா. எட்டு வயதுக்காரி என்ன துணை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு வாரமாக இருமல். டாக்டர் எழுதியபடி ஐந்து மில்லி மருந்து கொடுத்துவிட்டுக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தாள்.

அக்காவுக்கு எல்லாப் பாடமும் வரும், அளவு மாற்றும் கணக்கு மட்டும் உதைக்கும். அவுன்ஸை மில்லியாக்கு, பவுண்டைக் கிலோவாக்கு என்று அந்தத் தேர்வில் கட்டாயம் கேட்பார்களாம். பஸ்ஸில் என் மடியில் புத்தகத்தை வைத்து, வரிசையாகக் கேட்கச் சொன்னாள். பள்ளிகொண்டா தாண்டியதும் ஸ்பூன் கணக்கு வந்தது.

"டீஸ்பூன் பதினஞ்சு மில்லி, டேபிள் ஸ்பூன் அஞ்சு மில்லி" என்றாள்.

"மாத்திச் சொல்றக்கா. டீஸ்பூன்தான் அஞ்சு."

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"காலைல உனக்கு எந்த ஸ்பூன்ல குடுத்தேன்?"

"பெருசுல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. மூன்று மடங்கு ஜாஸ்தி கொடுத்துவிட்டேனே என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். என் இமையைத் தூக்கிப் பார்த்து, தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். வந்தது.

"தூங்கிடாத. இன்னா ஆனாலும் தூங்கிடாத."

தூங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்று புரிந்துகொண்டேன். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது போன மாதம்தான்.

தேர்வு நடந்த கட்டடத்தின் வாசலில் அக்கா உள்ளே போகாமல் நின்றாள். மணி அடித்து, ஒரு டீச்சர் வந்து அதட்டிய பிறகுதான் என் கையை விட்டாள். வாட்ச்மேனிடம் என்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். கண் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். எழுந்து நின்று வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் எண்கள் கலங்கின. இயேசப்பாவிடம் மன்றாடினேன். அழுதால் தூக்கம் வராது என்று தோன்றி அழவும் பார்த்தேன்.

"செத்துப்போனா வலிக்குமாண்ணே?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"பேஜாரா இன்னாத்துக்குப் பேசற பாப்பா?" என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்த ஜீப்புக்குக் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இருட்டு. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அக்கா. ஜன்னல் வழியாக, மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் ஒருத்திதான் வெளியே வந்திருந்தாள்.

ரிக்‌ஷா பிடித்துப் பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் என்னைக் கொண்டுபோனாள். அவர் கண்ணையும் நாடியையும் பார்த்தார், மருந்தின் பெயரைக் கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றார். அக்கா அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். பிழைத்தவளுக்காக யாராவது அழுவார்களா? டாக்டர் பொய் சொல்கிறார் என்றே எண்ணினேன்.

சாயங்காலம் வீட்டில் பரீட்சை எப்படி என்று அம்மா கேட்டாள். அக்கா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு வந்தது எங்க அக்காதான் என்றேன். அப்பா சந்தோஷத்தில் பிரியாணி வாங்கி வந்தார். அக்கா சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். மருந்து விஷயத்தை அவளும் சொல்லவில்லை, பயத்தில் நானும் சொல்லவில்லை.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. சில வாரங்களில் அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். யார் விசாரித்தாலும் கேள்விகள் ரொம்பக் கஷ்டம் என்று மட்டும் சொல்வாள். முதலில் முடித்தவளுக்கு இடம் தராதவர்கள் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. அத்தனை கஷ்டமான கேள்விகளை அவள் எப்படி அவ்வளவு சீக்கிரம் எழுதி முடித்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.