பெரியவர் சூரியனுக்குப் பின்னால் போன மாதங்கள்

காலையில் காப்பி டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், இறந்துபோன ஒருவரிடமிருந்து எனக்கு மெயில் வந்திருக்கும். "ஏனுங்க, எந்திரிச்சாச்சுங்களா? பெரியவர் நேத்தும் சௌக்கியமுங்க" என்று தொடங்கும். கீழே ஒளியின் அளவு, ஒரு சின்ன வரைபடம். அதற்கும் கீழே பஸ்ஸிலோ டீக்கடையிலோ யாரோ சொன்ன ஒரு வார்த்தை. "உக்கடம் டீ மாஸ்டர்: சக்கரை வேண்டாம்ங்கறவங்கதான் ரெண்டு பஜ்ஜி கேக்கறாங்க." படித்துவிட்டுச் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகுதான் கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும்.

அதை எழுதி வைத்தவர் எங்கள் சார். கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். வெளிநாட்டில் படித்து, அங்கேயே சில வருஷம் வேலையும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஆயுள் முழுக்க அவர் ஆராய்ந்தது நட்சத்திரக் கூட்டங்களையும், அந்தக் கூட்டங்களில் பிறக்கும் மிகப் பெரிய நட்சத்திரங்களையும். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் கணக்கு டீச்சர். எனக்கு வானியல் யாரும் சொல்லித் தந்ததில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படித்து நானாகத் தேறியது. ஒரு கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் எழுந்து, அவர் போர்டில் போட்ட கணக்கில் ஓர் இடத்தைக் காட்டிச் சந்தேகம் கேட்டேன். "டீச்சருங்களா நீங்க? அதான் தப்பப் பாத்ததும் கை அரிக்குது" என்றார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவருடைய அறையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடந்தது.

நாங்கள் ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் கிடப்போம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. எங்கெங்கோ தேசங்களில் தானாக இயங்கும் தொலைநோக்கிகள் படம் எடுத்து வைக்கும். நாங்கள் பட்டப்பகலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அதை அளப்போம். ஒரே இடத்தில் தெரிகிறது என்பதால் எல்லாமே ஒரே கூட்டத்து நட்சத்திரம் ஆகிவிடாது. சிலது சும்மா குறுக்கே நிற்பவை. எது எது ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். சார் அதற்குப் பொள்ளாச்சி பஸ்ஸைத்தான் இழுப்பார். "பஸ்ஸுல இருக்கற அத்தன பேரும் கல்யாணத்துக்குப் போறவங்க இல்லீங்க டீச்சர். கிணத்துக்கடவுல யாரு யாரு ஒண்ணா எறங்கறாங்கன்னு பாருங்க, தெரிஞ்சுபோயிரும்."

பெரியவர் என்று நாங்கள் பேர் வைத்தது அப்படி ஒரு கூட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரத்துக்கு. கூடப் பிறந்ததெல்லாம் நிதானமாக எரிந்துகொண்டிருக்க, இது மட்டும் அள்ளி அள்ளிச் செலவழித்து, ஊதிப் பெருத்து, சிவந்து, முடிவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. என்றைக்காவது வெடிக்கும். அது நாளைக்கும் இருக்கலாம், நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலம் முடிந்தும் இருக்கலாம். இவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் பெரும்பாலும் தனியாகப் பிறப்பதில்லை, பக்கத்தில் ஒரு துணை இருக்கும். பெரியவருக்கு மட்டும் துணை தெரியவில்லை. "இல்லாம இருக்காதுங்க. நமக்குப் பாக்கத் தெரியல" என்று வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார் சார்.

அதற்காகத்தான் அந்த மெயில் போடும் புரோகிராமை எழுதினார். கல்லூரிக் கம்ப்யூட்டரில் அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வந்த படத்தைத் தானே அளந்து, அங்கங்கே கேட்டு அவர் எழுதிச் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றையும் கோத்து, காலை ஆறு மணிக்கு எனக்கும் அவருக்கும் மெயில் போடும்.

"உங்க மெயில் உங்களுக்கே எதுக்குங்க சார்?"

"நமக்கு வேற யாருங்க டீச்சர் போடறாங்க?"

ஒரு சாயங்காலம் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றவர், கால் வலிக்கிறதென்று சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விடிகாலையில், கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் அவர் வீட்டில், அவரைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அலமாரியின் மேலிருந்து மணிச் சத்தம் கேட்டது. மெயில் வந்தால் அடிக்கும்படி அவர் தன் போனில் வைத்திருந்த சத்தம். அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். அவர் மனைவி எழுந்து போய்ப் போனை எடுத்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: "ஏனுங்க, எந்திரிச்சாச்சுங்களா?"

படித்துவிட்டு, படுக்க வைத்திருந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அந்தப் போனை அவர் அணைய விட்டதில்லை. தினமும் சார்ஜ் போடுவார், ஆறு மணிக்கு முன்னாலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர்களுக்கு ஒரே மகள், தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு சனிக்கிழமை என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, அம்மா அந்தப் போனோட குடித்தனம் நடத்திட்டிருக்காங்க. தனியா அந்தத் தோப்புக்குள்ள ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கறது? எங்கூட வாங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க. அந்த மெயில நிறுத்திப்போடுங்க."

"நிறுத்தினா அம்மா தாங்குவாங்களா, கண்ணு?"

"எத்தன நாளைக்குத்தான் இப்படியே இருப்பாங்க?"

நானாக நிறுத்த எனக்குக் கை வரவில்லை. ஆனால் அதற்கு அவசியம் இல்லாமலேயே ஒரு வழி இருந்தது. வருஷா வருஷம் கார்த்திகைக்கு மேல் சூரியன் நகர்ந்து நகர்ந்து பெரியவர் இருக்கும் பக்கமே வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் எந்தத் தொலைநோக்கியாலும் அவரைப் பார்க்க முடியாது. தை முடியும் மட்டும் படம் கிடையாது, படம் இல்லையென்றால் மெயிலும் கிடையாது. இதைச் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. "அப்ப அதுவே நிக்கட்டும் ஆன்ட்டி. அந்த நேரம் பாத்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிடறேன்."

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை அந்த வருஷத்தின் கடைசி மெயில் வந்தது. இதையும் அவரே என்றைக்கோ எழுதி வைத்ததுதான். "இந்தத் தடவைக்கு இவ்வளவுதானுங்க. பெரியவர் சூரியனுக்குப் பின்னால போறாரு. எல்லாரும் நல்லாருங்க."

மறுநாள் ஆறு மணிக்கு என் கை தானாகப் போய் மெயிலைத் திறந்தது. ஒன்றும் இல்லை. டம்ளரில் காப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. எனக்கே இப்படி என்றால் அக்காவுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். போன் போடத் தைரியம் வரவில்லை.

பொங்கல் கழிந்து மகள் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா இன்னமும் வரமாட்டேங்கறாங்க. அழுகவும் இல்ல. சிரிச்ச மூஞ்சியா இருக்காங்க. அதுதான் பயமா இருக்கு. ஒருக்கா போய்ப் பாருங்களே."

போனேன். நல்ல மத்தியான வெயில். வாசல் தெளித்துப் பளிச்சென்று இருந்தது. கொடியில் சாருடைய கோடு போட்ட சட்டை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் அரிசியும் பருப்பும் சாதம் மணக்கிறது, ஒரு குடும்பமே சாப்பிடுகிற அளவுக்கு. ஆள் இல்லாத உள் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர், வாங்க வாங்க. வெய்யல்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க."

குடித்துவிட்டு, எப்படிக் கேட்பதென்று தெரியாமல் கேட்டேன். "அக்கா, மெயில் நின்னுபோனது கஷ்டமா இல்லீங்களா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க டீச்சர், இத்தன வருஷம் அவருகூட வேல செஞ்சீங்க, இது தெரியாதுங்களா? பெரியவரு உள்ள போனாத்தான் எங்கூட்டுக்காரரு வெளிய வருவாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதங்களில் வகுப்பு முடிந்ததும் சார் அறைப் பக்கமே வரமாட்டார். விடைத்தாள் திருத்துகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். அவர் நேராக இங்கேதான் வந்திருக்கிறார். தென்னைக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறார், பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார், அக்காவை வண்டியில் வைத்துப் பொள்ளாச்சிச் சந்தைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

"மத்த நாளெல்லாம் அவரு உங்காளுங்க டீச்சர். இந்த ரெண்டு மாசந்தான் எனக்கு. தெனமும் காலைல மெயில் வந்தா, சரி, மனுசன் வேலைக்குக் கெளம்பிட்டாருன்னு நெனச்சுக்குவேன். அது நின்ன மறுநாளு..."

அக்கா உள் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மககிட்டச் சொல்லிட்டேனுங்க. மறுபடி பெரியவரு வெளிய வந்தன்னைக்கு ஊட்டப் பூட்டிப்போட்டு தாராபுரம் வாரேன்னு. அவரு வேலைக்குப் போனதுக்கப்பறம் எனக்கு இங்க என்ன இருக்குது? முந்தியெல்லாம் அவரு வேலைக்குப் போனா அடுத்த தடவ திரும்ப வருவாருன்னு ஒக்காந்திருந்தேன். இனி முடியாதுங்க. ஒருக்கா நல்லா இருந்துட்டுப் போயிடறேன்." முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டார். "எப்ப வருவாருங்க டீச்சர்?"

"சீக்கிரமே வந்துருவாருங்க அக்கா."

"கொஞ்சம் தள்ளி வரச் சொல்ல முடியாதுங்களா?" கண்டக்டரிடம் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்வது போல்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டார். "சும்மா கேட்டேனுங்க. அந்த மணிச் சத்தம் மட்டும் வேண்டாம், நெஞ்சு திடுக்குங்குது. வந்துட்டா நீங்களே போன் போட்டுச் சொல்லிப்போடுங்க. உங்க வாயால கேட்டுக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை கல்லூரிக்குப் போய், மெயில் போகும் இடத்திலிருந்து சாருடைய முகவரியை எடுத்துவிட்டேன். ஓர் அழுத்தில் முடிகிற வேலை. எழுந்தபோது பக்கத்திலிருந்த சாருடைய நாற்காலியில் என் புடவை சிக்கிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பெரியவர் வந்தாச்சா என்று மகள் தினமும் கேட்டாள். அம்மாவுக்கென்று ரோட்டைப் பார்த்த அறையை ஒழித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்கு வலை அடித்து வைத்திருந்தாள். போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். நல்ல அறை.

பெரியவர் வந்தார். நான் காப்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏனுங்க, எந்திரிச்சாச்சுங்களா? வந்துட்டாருங்க பெரியவர். மூஞ்சி கழுவிட்டு வந்த மாதிரி இருக்காரு." கீழே அளவு. போனபோது இருந்ததைவிட கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். அவர்தான், சந்தேகமே இல்லை. படத்தை எடுத்து நானே இன்னொரு தடவை அளந்து பார்த்தேன்.

கிணத்துக்கடவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க டீச்சர். வந்துட்டாருங்களா?"

அந்த வீட்டு ஃபேன் சத்தம் போனில் கேட்டது. தாராபுரத்து ஜன்னலும் புது வலையும் கண் முன்னால் வந்தன. இத்தனை வருஷத்தில், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நான் ஒரு தடவையும் எழுதியதில்லை.

"இன்னும் இல்லீங்க அக்கா" என்றேன். "படம் எடுக்கற ஊருல மேகமா இருக்குதாம்."

"அப்படிங்களா. இருக்கட்டுங்க, அவசரமில்ல." பேச்சில் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு துள்ளல். பிறகு போனை முகத்திலிருந்து விலக்கி, வீட்டுக்குள் பார்த்து அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"இன்னும் வரலீங்களாமா. நீங்க மெதுவாச் சாப்புடுங்க."