என் புதுப் பெயரைக் கூப்பிட்டார்கள்

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. ஸ்ரீவராகத்தில் ஒரு சின்ன வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். எனக்கு முப்பது வயது. ஒரு கம்பெனியில் கவுண்ட்டரில் உட்காரும் வேலை.

எனக்கு வைத்த பெயர் பிச்சை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அடுத்ததாவது நிலைக்க வேண்டும் என்று அம்மா வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை ஏந்தியிருக்கிறாள். அதனால் அந்தப் பெயர். ஆனால் கவுண்ட்டருக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாதே. மலையாளத்திலும் பிச்சை என்றால் பிச்சைதான். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய சிரிப்பு ஆபீஸ் வரை கூடவே வந்தது. எல்லா கவுண்ட்டரிலும் பெயர்ப்பலகை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அலைந்து திரிந்து கையெழுத்துகள் வாங்கி, விண்ணப்பம் போட்டு, பெயரை மாற்றிக்கொண்டேன். கெசட்டிலும் வந்துவிட்டது. யாரும் சிரிக்க முடியாத, சாதாரணமான ஒரு பெயர்.

கெசட்டை அம்மாவிடம் காட்டினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நன்னாத்தான் இருக்கு. ஆனா நேக்கு நாக்கு வளையாதுடா" என்றாள். கோபமா வருத்தமா என்று புரியவில்லை. அதற்கப்புறம் அவள் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடவில்லை. பழைய பெயரும் இல்லை, புதுப் பெயரும் இல்லை. "ஏண்டா", "இங்க பாரு", அவ்வளவுதான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அவளை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். சீட்டில் 'பைஸ்டாண்டர்' என்ற இடத்தில், நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் பெயரை எழுத வேண்டும். புதுப் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் வித்துராவுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை பார்க்கிற தமிழர். அவர் மனைவி உள்ளே இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து ஏதோ பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் வந்து கூப்பிட்டார். மூன்றாவது தடவை குரலில் எரிச்சல் தெரிந்தது.

"பாருங்கோ, கொண்டு வந்து விட்டுட்டு ஆள் எங்கயோ போயிட்டான். இப்படியும் மனுஷா இருக்கா" என்றேன் எஸ்டேட்காரரிடம்.

"பாவம், உள்ள எந்த உசுரு கெடக்கோ" என்றார் அவர். பிறகு, "அண்ணன் பேரு என்னா?" என்று கேட்டார்.

"பிச்சை" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன். "எங்க அம்மா உள்ள இருக்கா. என்னை ஏன் கூப்பிடலை?" என்று நர்ஸிடம் சத்தம் போட்டேன். அவர் அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரில் அன்று இரண்டு பேர் இருந்தார்களாம்; அதனால்தான் பைஸ்டாண்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கையில் இருந்த சீட்டைப் பார்த்து அதே பெயரை மறுபடியும் வாசித்து, "இது ஆரா?" என்று மலையாளத்தில் கேட்டார், இது யார் என்று.

"தெரியாது. நான் இல்லை" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் புதுப் பெயர் என்று உறைத்தது. "நான்தான், நான்தான் சிஸ்டர்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எஸ்டேட்காரரும் பெஞ்சிலிருந்து எழுந்து, "பிச்சைன்னு சொன்னீங்களே அண்ணே" என்றார். அவர் பொய்யா சொன்னார்? சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். ஆபீஸில் இன்னும் அட்டை மாற்றித் தரவில்லை. அதிலும் பிச்சைதான்.

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், மகனின் கையெழுத்து வேண்டும். ஆனால் மகன் யார் என்பதே குழப்பமாகிவிட்டது. நர்ஸ் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அம்மா வலியில் கண்ணை மூடிக் கிடந்தாள்.

"அம்மே, இது ஆரா?"

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "பிச்சை. என் புள்ளை."

நர்ஸ் சீட்டில் இருந்த பெயரைச் சொல்லி, "அப்போ இது ஆரா?" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு, இரண்டு மாதமாக அவள் வாயிலிருந்து வராத அந்தப் புதுப் பெயரை ஒரு பிசகும் இல்லாமல் முழுசாகச் சொன்னாள். "அதுவும் இவன்தான். கையெழுத்து வாங்கிக்கோ" என்றாள்.

பழைய கையெழுத்தைப் போட்டு, அடித்துவிட்டு, அதன் கீழே புதியதைப் போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாமதமாகியும் பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு பல வருஷம் இருந்தாள் அம்மா. வீட்டில் என்னைப் பிச்சை என்றே கூப்பிட ஆரம்பித்தாள், நானும் மறுக்கவில்லை. அந்தப் புதுப் பெயரை எப்போது, எப்படி மனப்பாடம் செய்தாய் என்று அவளிடம் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தும் கேட்காமலே விட்டுவிட்டேன். இன்று எல்லோரும் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அதை எனக்குக் கொடுத்தது கெசட்டா அம்மாவா என்று ஒரு கணம் குழம்பிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.